அஸ்ருவின் விரல்கள்

மன்செஸ்டர் நூதனசாலையில் அஸ்ரு என்றொரு பெண் இருக்கிறாள். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்திய மம்மி. 1825 இல் அங்கு வந்தவள். கர்னக்கிலிருந்த அமுன் கோயிலின் பாடகி என்பார்கள். 1970களில் அவளுடைய கைரேகையை எடுக்க டொனி பிளெச்சர் என்ற பொலிஸ் நிபுணரை அழைத்தார்கள்.

காய்ந்து விறைத்த விரலை மையில் உருட்ட முடியாது, ஒடிந்துவிடும். பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் களியை விரல் நுனியில் அமர்த்தி, அந்த அச்சுக்குள் நிறப்பூச்சைத் தடவி, காய்ந்தபின் உரித்தெடுத்தார்கள். ரேகை அப்படியே வந்தது. டென்மார்க்கில் 1952 இல் சதுப்பு நிலத்தில் கிடைத்த கிரபோல் மனிதனிடம் இவ்வளவு பாடு இருக்கவில்லை. சதுப்பு நீர் அவனுடைய தோலைப் பதனிட்டு வைத்திருந்தது.

கைரேகை என்றதும் ஹென்ரி முறை என்கிறோம். அந்த 1,024 அறைக் கணக்கை வகுத்த அஸீஸுல் ஹக், கல்கத்தாவில் ஹென்ரியின் கீழ் வேலை பார்த்தவர். பெயர் மட்டும் துரைக்கு.

அஸ்ருவின் ரேகைகள் தேயவில்லை. ஆகவே கடினமான வேலை செய்தவளல்ல என்றார்கள்; பாதங்களைப் பார்த்து, நடனக்காரியுமல்ல என்றார்கள். இதை வாசித்தபோது எனக்கு உம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

உம்றாவுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுக்க உம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். கருவியில் பெருவிரல் பதியவில்லை. அங்கிருந்த பிள்ளை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தது. கராம்புக் காலத்தில் காம்பு வேறு மொட்டு வேறாகக் கிள்ளி, மற்றக் காலத்தில் சாம்பலால் சட்டி தேய்த்து வழுவழுத்துப்போன விரல்கள். "இந்த வெரலாலதானே மகன் ஒங்களெல்லாம் வளத்த" என்றார் உம்மா, குற்றம் செய்தவர்போல.

ரேகையின் வேர் உள்தோலில் இருக்கிறது. வேலையை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் தேய்ந்த வரிகள் பெரும்பாலும் திரும்பி வரும். உம்மாவிடம் ஓய்வைப் பற்றிச் சொல்லிப் பார்க்கலாம்; கேட்கமாட்டார்.

கண்டிப் பக்கத்து மையவாடிகளின் ஈரமண் தோலை விட்டுவைப்பதில்லை. எகிப்திலும் பெட்டியும் தைலமும் வசதியுள்ளவர்களுக்கே வாய்த்தன. நமக்கு வாசிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் அந்தக் கைகள்தாம். அந்தக் கோயிலைக் கூட்டியவளின் விரல் எப்படியிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் உம்மாவுக்குப் பதிந்தது இடது கை மோதிர விரல். கராம்பில் அதற்கு அவ்வளவு வேலையில்லை.