கடலுக்கு ஏற்ற கலம்

எஹலியகொடவில் ஆசிரியத் தொழில் பார்க்கும் ஒருவன் பாய்க்கலங்களின் தராதரத்தைப்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். இறப்பர்த் தோட்டங்களும் மாணிக்கக் குழிகளும் ஓயாத மழையும் உள்ள ஊர் இது. என் வகுப்பிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுட் பலர் கடலைக் கண்ணாற் கண்டதில்லை. எனினும், கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள், நானும் அவ்வாறே. ஏறிய கலம் நல்லதா, கெட்டதா என்பது எங்கள் முன்னோர்க்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

செல்வர்கள் பொழுதுபோக்காகக் கடலோடும் உலாப் படகுகளை மதிப்பிடுவதற்கென்றே மேல்நாடுகளிற் சஞ்சிகைகள் வெளியாகின்றன. அவற்றைப் பணக்காரர் விளையாட்டென்று ஒதுக்கும் தோழர்கள் உண்டு. நான் அவ்வாறு ஒதுக்குவதில்லை. கலத்தை எடைபோடும் அறிவு மாலுமிகளின் அனுபவத்திலே விளைந்தது. அதை யார் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விடயம்.

கணித ஆசிரியர் வராத ஒரு நாள், அந்தக் கணக்குகளிற் சிலவற்றைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நீரைத் தொட்டுக் கிடக்கும் பகுதியின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், சாதாரண பாரக்கலம் ஒன்று மணிக்கு எத்தனை கடல்மைல் ஓடக்கூடும் என்பதன் உச்ச எல்லை ஏறத்தாழக் கிடைக்கும். 36 அடியாயின் எட்டுக் கடல்மைல். அதற்குமேற் காற்று எவ்வளவு உந்தினாலும், கலம் தானே எழுப்பிய அலையின் பள்ளத்திற் சிக்கிக்கொள்ளும். அடுத்தது எதிர்க்காற்று. இக்காலத்து முக்கோணப் பாய்ப்படகு, காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை வரை நெருங்கி ஓடவல்லது. குறுக்குப் பருமலில் நாற்கோணப் பாய் கட்டிய பழைய கப்பலுக்கு அது இயலாது. 60 பாகைக்கும் அப்பால் விலகியே அது செல்லவேண்டும். மாணாக்கர் உற்சாகமாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தனர். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அப்ப சேர், வேகமா ஓடுறதுதான் நல்ல கப்பலா?" என்று கேட்டாள்.

இதே வினாவைத்தான் 1979 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் புயலொன்று ஐரோப்பியக் கடலோடிகளிடம் கேட்டது. இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து, அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் போட்டியில் 303 படகுகள் புறப்பட்டன. போட்டியாளர் பதினைந்து பேர் மாண்டனர். வேகத்துக்காக அகலமாகவும் இலேசாகவும் கட்டப்பட்ட படகுகள் பல கவிழ்ந்தன. அவற்றுட் சில, கவிழ்ந்த நிலையிலேயே சிறிது நேரம் கிடந்தன. அகலமான படகு சாதாரண காற்றில் நிமிர்ந்து நிற்கும். தலைகீழாகிவிட்டால், அந்த அகலமே அதைத் தலைகீழாகவே நிறுத்திவைக்கும். அதன் பின்னரே, எத்தனை பாகை சாய்ந்தபின் ஒரு படகு மீண்டும் நிமிராது என்ற கேள்வி ஆராய்ச்சியாளரின் மேசைக்கு வந்தது. 120 பாகை வரை சாய்ந்தாலும் நிமிரக்கூடியதையே பெருங்கடலுக்கு ஏற்றதென்று பலரும் இன்று கொள்கின்றனர். மற்றொரு செய்தி என் நெஞ்சிற் பதிந்தது. அந்தப் போட்டியில் 24 படகுகள் மாலுமிகளாற் கைவிடப்பட்டன. அவற்றுள் மூழ்கியவை ஐந்தே. எஞ்சியவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. சுவரோடு மோதுண்டு, சாமான்கள் தலையில் விழ, உள்ளே இருக்க மாட்டாமல் மனிதர் வெளியேறிவிட்டனர், கலமோ தாங்கிநின்றது. மனிதரைத் தாங்கவைக்கும் வசதியும் தராதரத்தின் ஒரு பகுதி என்பதைச் சஞ்சிகைக்காரர் அதன் பின்னரே அழுத்திச் சொல்லத் தொடங்கினர்.

இவற்றைக் கேட்டிருந்த அந்தப் பெண் விடுவதாயில்லை. "எங்க ஆளுக வந்த கப்பல இப்படியெல்லாம் யாராச்சும் பாத்தாங்களா?" என்றாள்.

1864 இல் ஆதிலட்சுமி என்னும் கப்பல், இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த கூலித் தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. மலையக வரலாற்றை எழுதியோர் தவறாது குறிப்பிடும் துயரம் அது. பிரித்தானியக் கப்பல்களின் பக்கத்திற் பாரக்கோடு இடுவதைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 1876 இல். சாமுவேல் பிளிம்சோல் என்ற பாராளுமன்ற உறுப்பினர் கப்பல் முதலாளிகளை எதிர்த்து நடத்திய போராட்டத்தின் பயனாக வந்தது. அப்போதுங்கூட, அந்தக் கோட்டை எவ்விடத்தில் இடுவதென்பது முதலில் முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. எங்கள் மூதாதையரை ஏற்றிய கலங்களின் உறுதியைவிட, ஏற்றிய தலைகளின் தொகையிலேதான் கங்காணிக்கும் துரைக்கும் அக்கறை இருந்தது. ஓர் உலாப் படகின் சுக்கான் ஆணியைக்கூட விடாது சோதித்து எழுதும் இன்றைய கட்டுரைகளைப் படிக்கும்போது, இந்நினைவு எழாமல் இருப்பதில்லை.

இந்த இடத்தில் அன்னபூரணியைப்பற்றிச் சொல்லவேண்டும். வல்வெட்டித்துறை மேஸ்திரிமார் கட்டிய, 89 அடி நீளமான, இரு பாய்மரங்களையுடைய வணிகக் கப்பல் அது. வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கினார். அவர் கத்துக்குட்டி அல்லர். ஸ்வாப் என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். விலை கொடுத்து எந்தக் கலத்தையும் பெறக்கூடிய ஒருவர், யாழ்ப்பாணத்துக் கரையில் உருவான கலத்தைத் தேர்ந்தார் என்பதே பெரிய மதிப்பீடு. வாங்கியபின் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். அன்னபூரணி 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆயிற்று. விலை கொடுத்தவனுக்குப் பெயரும் சொந்தம் போலும்!

1937 பெப்ரவரியில் அது நம் கரையை விட்டது. வாடைக்காற்று ஓய்வதற்கு முன் அரபிக் கடலைக் கடக்க எண்ணுவோர்க்கு அது ஏற்ற காலமே. ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாகச் சென்று, 1938 ஆகஸ்டு 1 ஆம் நாள் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பதினேழு மாதம் என்பதைக் கொண்டு கப்பலை மந்தமானதென்று தீர்ப்பளித்தல் தகாது. இடையிற் பல துறைகளிலே தங்கிய காலமும் அதிலே அடக்கம். எதிர்க்காற்றில் அதன் குறைபாட்டை மறைப்பதற்கும் இல்லை. செங்கடலின் வடபகுதியில் வடக்கிலிருந்தே பெரும்பாலும் காற்று வீசும். குறுக்குப் பாய்க் கப்பலுக்கு அது கடினமான பாதை. ஆயினும் அத்திலாந்திக்கைத் தாண்டிய கலம் அது. கடலுக்கு ஏற்றதா என்ற வினாவுக்கு அதனினும் தெளிவான விடை எந்தச் சூத்திரத்திலும் கிடையாது.

கலம் மட்டும் தனியே போகவில்லை. தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைச் செலுத்தினர். அதன் ஒவ்வொரு கயிறும் எப்போது இறுகும், எப்போது அறும் என்பதை அறிந்த கைகள் அவர்களுடையவை. சரக்கேற்றிப் பிழைக்கும் கப்பலின் தண்டையலுக்கு அதன் குறைகளை மறைக்க எந்த நோக்கமும் இல்லை. மறைத்தால் முதலில் மூழ்குபவன் அவனே. ரொபின்சன் பெயரில் நூல்கள் இருக்கின்றன. நூலகத்திற் போய்த் தேடிப் படிக்கலாம். தண்டையலும் மேஸ்திரிமாரும் அந்தக் கலத்தைப்பற்றிச் சொல்லக்கூடியதாயிருந்தவற்றைக் கேட்டு எழுதிவைக்க, நம்மவருள் எழுதத் தெரிந்த எவரும் அக்காலத்தில் உரிய முறையில் முன்வரவில்லை. அப்போது எழுத்தறிந்தோர் வல்வெட்டித்துறையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏராளமாக இருந்தனர்.