எக்ஸிமாவுக்கு லைட் வைத்தல்

நாள்பட்ட எக்ஸிமாவுக்கு வைக்கப்படும் புற ஊதா ஒளி 311 முதல் 313 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. நேரோபேண்ட் யுவிபி என்பது மருத்துவப் பெயர், நோயாளிகளுக்கு அது ‘லைட் ட்ரீட்மென்ட்’. 1980களில் பிலிப்ஸ் நிறுவனத்தின் டிஎல்-01 குழல்கள் வந்தபின், முதலில் சொரியாசிஸுக்கும் பிறகு எக்ஸிமாவுக்கும் இது பரவியது. தோலில் அழற்சியைக் கிளப்பும் டி-செல்களை இந்த ஒளி அடக்குகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இடையில் நாள் விட்டு, இருபது முப்பது தடவையாவது வைக்க வேண்டும்.

நீர் கசிந்துகொண்டிருக்கும் எக்ஸிமாவுக்கு லைட் கூடாது. லைட் வைக்கும் கேபினின் சூடும் வியர்வையும் அரிப்பைக் கிளறிவிடும். சென்னைக் கோடையில் சொல்லவே வேண்டாம். மருந்தால் கசிவை வற்றவைத்த பிறகே உள்ளே நிறுத்த வேண்டும். ‘ரொம்ப அதிகமாயிடுச்சு, இன்னைக்கே வையுங்க’ என்று வருபவரைத் திருப்பி அனுப்பத் தெரிவதும் இந்த வேலையின் பகுதிதான்.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியம் செடி இன்னொரு சிக்கல். அதன் ஒவ்வாமை கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று பரம்பரை எக்ஸிமா வரும் இடங்களிலேயே வரும். ஆனால் இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு வெயிலே பகை. லைட் வைத்தால் நோய் ஏறும். வெயிலில் போனால் கூடுகிறதா என்று கேட்காமல் யாரையும் கேபினில் ஏற்றக் கூடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குரோம் முலாம், கூலன்ட் எண்ணெயில் கை வைப்பவர்களின் எக்ஸிமா லைட்டுக்குப் படியும். கையுறையில்லாமல் அதே வேலைக்குத் திரும்பினால் மறுபடி வரும்.

இனி அளவு. சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் தரும் குழல்களில் 300 மில்லிஜூல் கொடுக்க 100 வினாடி ஆகும். குழல் தேய்ந்து 2 மில்லிவாட் ஆகிவிட்டால் 150 வினாடி. புதுக் குழல் மாட்டிய அன்றும் பழைய நேரத்தையே வைத்தால் தோல் வெந்துபோகும். ஒளியை அளக்கும் மீட்டரை அலமாரியில் பூட்டிவிட்டு நேரத்தை மட்டும் பார்த்து லைட் வைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. இந்த வேலையைப் பட்டன் அமுக்குவதாக நினைப்பவர்களுக்கு அது குறையாகவும் தெரிவதில்லை.

ஒரு தோல் எவ்வளவு தாங்கும் என்பதை அறிவது எல்லாவற்றையும்விடக் கடினம். முதுகில் சிறு சதுரங்களாக ஏறுவரிசையில் ஒளி கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எந்தச் சதுரம் முதலில் சிவந்தது என்று பார்ப்பது முறை. வெள்ளைத் தோலில் அது எளிது. தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த தோல் வகைகளே வெள்ளையர்களை வைத்துத் தொடங்கியவை. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்ந்தன. மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. மங்கிய செம்பு நிறமாகவோ வெறும் கருமையாகவோ நிற்கும். டியூப் லைட்டின் கீழ் அதுவும் மறைந்துவிடும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், சாய்வாகப் பார்த்து, விரலால் அழுத்தி நிறம் வெளிறுகிறதா என்று கவனித்து, புறங்கையால் சூடு தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கண் ஒரு மாதப் பயிற்சியில் வராது. எல்லோருக்கும் ஒரே தொடக்க அளவு, பிறகு 20 சதவீதம் ஏற்றம் என்ற முறைக்கும் நூல்களில் இடமுண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்துவிட்டு ஏற்றச் சொல்லும் வரியும் அதே நூல்களில்தான் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறார்கள்.

மற்றவை சிறியவை, ஆனால் தவறக் கூடாதவை. கண்ணுக்குக் கண்ணாடி, ஆண்களுக்கு உறுப்பு மறைப்பு கட்டாயம். களிம்பைத் தடித்துப் பூசி வந்தால் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே அளவு உள்ளாடைதான் அணிய வேண்டும். சின்னதாக மாற்றினால், அதுவரை ஒளியே படாத தோல் முழு அளவையும் வாங்கி வெந்துவிடும். ஷிப்டு மாறியதாலோ ஊருக்குப் போனதாலோ ஓரிரு வாரம் விட்டவருக்கு அளவைக் குறைத்தும், ஒரு மாதம் விட்டவருக்கு முதலிலிருந்தும் தொடங்க வேண்டும்.