லெஸ்டரில் ஒரு ஆவிப் பெட்டி

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். விஷயம் கொஞ்சம் வெட்கக்கேடானது. அதோடு, நான் சொல்லப்போகும் பொருள் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ஒன்று. ஆனால் போன வாரம் பென்ஷனர் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வேப்பமரத்தடியில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தார். வயது 71. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். என்னைப் பார்த்து, "நீ மட்டும் எப்படிய்யா விட்டே?" என்று கேட்டார். நின்றபடி சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மின்வாரியத்தில் 36 வருஷம் வேலை பார்த்தவன் என்பது இங்கே தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் 110 கே.வி. சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர். நைட் ஷிஃப்டில் மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். ரீடிங் எழுதி முடித்தால் ஒரு தம். தூங்காமல் இருக்கத்தான் என்று ஆரம்பித்தது. பிறகு தூங்கி எழுந்ததும் ஒன்று, டீ குடித்தால் ஒன்று, அதிகாரி திட்டினால் ஒன்று, பாராட்டினால் ஒன்று என்று ஒரு நாளைக்குப் பதினைந்தில் வந்து நின்றது. நாலைந்து முறை விட்டும் பார்த்தேன். சபரிமலைக்கு மாலை போட்ட 48 நாள்தான் என் சாதனை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய்விட்டேன்.

2024 ஏப்ரலில் நானும் மனைவியும் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விசிட்டர் விசா, ஆறு மாதம். குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சில் வீசிங். போன முதல் நாளே மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, சிகரெட் பிடிச்சா அரை மணி நேரம் கழிச்சு, கை கழுவி, சட்டை மாத்திட்டு அப்புறம் பாப்பாவைத் தூக்குங்க."

நியாயமான பேச்சுதான். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் குழந்தையை என் கையில் கொடுக்கும் முன்பு என் தோள்பக்கம் லேசாகக் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். அவள் அதைத் தெரிந்து செய்தாளா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மாப்பிள்ளைதான் வழி சொன்னார். "மாமா, இங்க நிறைய பேர் வேப்புக்கு மாறித்தான் சிகரெட்டை விடுறாங்க. டாக்டருங்களே சொல்றாங்க" என்றார். வேப் என்றால் மின்-சிகரெட். புகையிலை எரிவதில்லை. ஒரு சின்ன பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய நிகோடின் கலந்த திரவம். கம்பி சூடானால் திரவம் ஆவியாகும், அதை இழுக்க வேண்டும். இன்றைய வடிவத்தில் இதைக் கொண்டுவந்தவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளர். அவரும் என்னைப்போல சிகரெட்டை விட முடியாமல் தவித்தவர்தானாம்.

மாப்பிள்ளை முதலில் வாங்கித் தந்தது, தீர்ந்ததும் தூக்கிப்போடும் வகை. ஸ்கெட்ச் பேனா அளவு. ஏதோ பழ வாசனை, இருமல் மருந்து மாதிரி ஒரு தித்திப்பு. இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நல்ல லித்தியம் பேட்டரி. திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியை ஒரு தடவை உபயோகித்துவிட்டுக் குப்பையில் போடுவதைப் பார்க்க, ஃப்யூஸ் கம்பியைக்கூடச் சேர்த்துவைத்த எனக்கு மனசு ஆறவில்லை. (அந்த வகையை 2025 ஜூன் முதல் பிரிட்டனிலேயே தடை செய்துவிட்டார்கள்.) அதைவிட முக்கியம், அதை இழுத்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போய் நாலைந்து சிகரெட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பழக்கம் ஆகிவிட்டது. சரி, வாங்குவதை நல்லதாக வாங்குவோம் என்று கடைக்குக் கிளம்பினேன்.

கடை நார்பரோ ரோட்டுப் பக்கம். கையெல்லாம் பச்சை குத்திய ஒரு பெண் கல்லாவில் இருந்தாள். "சொல்லு, மி டக்" என்றாள். என்னடா, வாத்து என்கிறாளே என்று திகைத்துவிட்டேன். அந்த வட்டாரத்தில் அது பிரியமாகக் கூப்பிடுகிற சொல்லாம், நாம் "கண்ணு" என்பதுபோல.

அவள் கேட்ட கேள்விகள் ஒரு நல்ல டாக்டர் கேட்பது மாதிரி இருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்? புகையை முதலில் வாயில் வாங்கி அப்புறம் உள்ளே இழுப்பாயா, நேராக நெஞ்சுக்கே இழுப்பாயா? பதினைந்து, பத்து நிமிஷம், வாயில் வாங்கித்தான் என்றேன். "அப்படியானால் உனக்கு இது போதும்" என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒன்றை எடுத்து வைத்தாள். டிஸ்ப்ளே கிடையாது. பட்டன்கூடக் கிடையாது. இழுத்தால் தானாக வேலை செய்யும். விலை 20 பவுண்டு.

என் கண் அதில் நிற்கவில்லை. கண்ணாடி அலமாரியில் இன்னொன்று இருந்தது. உள்ளங்கை நிறைய உலோகப் பெட்டி. இரண்டு பேட்டரி. வண்ணத் திரையில் வோல்ட், வாட், ஓம் எல்லாம் எண்ணாகத் தெரிகிறது. அதிகபட்சம் 200 வாட். மின்வாரியக்காரன் கண்ணுக்கு அது ஒரு குட்டி கன்ட்ரோல் பேனல். அவள் தலையை ஆட்டினாள். "அது புகைமூட்டம் விடுகிற பையன்களுக்கு. உனக்கு வேண்டாம்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பி, கரண்டைப் பற்றி எனக்கே பாடமா? 60 பவுண்டு கொடுத்து அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. மாடி அறையில் ஜன்னலைத் திறந்துவைத்து, 60 வாட்டில் ஓர் இழுப்பு இழுத்தேன். நெஞ்சுக்குள் குக்கர் விசில் வந்தது மாதிரி இருந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். அறை முழுக்க வெள்ளை மூட்டம். அடுத்த நிமிஷம் கூரையில் இருந்த புகை அலாரம் அலற, கீழே இருந்த அலாரமும் சேர்ந்துகொண்டது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. மனைவி மேலே ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஏங்க, சிகரெட்டுக்குப் பதிலா இட்லிக் கொப்பரை வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள்.

மகள் மேலே வரவே இல்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, அப்போதுதான் கணக்குப் போட்டேன். பெரிய பெட்டியில் கம்பிச்சுருள் 0.2 ஓம். 60 வாட் வேண்டுமென்றால் சுமார் மூன்றரை வோல்ட், 17 ஆம்பியர். கடைக்காரப் பெண் காட்டிய சின்னதில் சுருள் 1 ஓம், 12 வாட். அதற்கும் அதே மூன்றரை வோல்ட்தான், ஆனால் கரண்ட் மூன்றரை ஆம்பியர். அதாவது சூடும் ஆவியும் ஐந்து மடங்கு வித்தியாசம். அதனால்தான் பெரிய பெட்டிக்கு 3 மில்லிகிராம் நிகோடின் திரவமும், சின்னதற்கு 12, 18 என்று கனமான திரவமும் விற்கிறார்கள். பெரிதில் மூட்டம் அதிகம், நிகோடின் வீரியம் குறைவு. சின்னதில் ஆவி கொஞ்சம், ஆனால் சிகரெட் இழுத்த அதே இழுப்பு, தொண்டையில் அதே பிடிப்பு. சிகரெட்டை விட நினைப்பவனுக்கு வேண்டியது அதுதான். அந்தப் பெண் ஓம்ஸ் விதி படித்தாளோ இல்லையோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்றும் அன்று ராத்திரிதான் உறைத்தது. எந்த ஊரிலும் 110 கே.வி.யை நேராக வீட்டுக்குக் கொடுப்பதில்லை. சப்-ஸ்டேஷனில் 11 கே.வி.யாக இறக்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மறுபடி இறக்கி, கடைசியில் 230 வோல்ட்டாகத்தான் விளக்குக்கு வருகிறது. 45 வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் பூஜ்யமாக்கப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறேன். எனக்கு வேண்டியது ஸ்டெப்-டவுன். நல்ல கருவி என்று நான் தேடியது இன்னும் மேலே ஏற. எனக்குத் தேவைப்பட்டதோ இறங்க.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். வாயில் வைத்ததைத் திரும்ப வாங்கமாட்டார்கள், அது அங்கே சுகாதார விதி. 60 பவுண்டு போனது போனதுதான். சின்னதை வாங்கினேன். அவள் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு. புதுச் சுருள் போட்டால் பஞ்சில் திரவம் ஊறப் பத்து நிமிஷம் விட வேண்டும், இல்லையென்றால் பஞ்சு கருகித் தொண்டை எரியும் என்று சொல்லிக்கொடுத்தாள். வாரம், பத்து நாளுக்கு ஒரு தடவை சுருளை மாற்ற வேண்டும். திரவம் பாதிக்குப் பாதி கலவையாக இருக்க வேண்டும், கெட்டியானது சின்னச் சுருளில் ஏறாது. அந்த ஊர்ச் சட்டப்படி பாட்டில் 10 மில்லிக்கு மேல் கிடையாது, நிகோடின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கிடையாது.

இப்போது எனக்கு ஒரு கெடுவும் இருந்தது. இந்தியாவில் 2019-லேயே சட்டம் போட்டு மின்-சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்துவைப்பது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்கள். முதல் குற்றத்துக்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாலும் அது இறக்குமதிதான். ஆக, செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறும்போது இதுவும் இருக்கக்கூடாது, சிகரெட்டும் வேண்டியிருக்கக்கூடாது.

பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் லாக் ஷீட் போட்டேன். தேதி, வீரியம், எத்தனை தடவை இழுத்தேன். மே நடுவில் 18. முதல் வாரத்திலேயே சிகரெட் நின்றது, எனக்கே ஆச்சரியம். ஜூன் நடுவில் 12. ஜூலையில் 6. வேப்பும் தோட்டத்தில்தான், குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கிடையாது என்று நானே விதி வைத்துக்கொண்டேன்.

6-லிருந்து 3-க்கு இறங்கியபோதுதான் சிரமம். வீரியம் குறைந்ததும் இழுப்பு இரண்டு பங்கானது, நோட்டே காட்டிக்கொடுத்தது. ஒரு ராத்திரி பத்து மணிக்குத் தாங்க முடியாமல், 20 பவுண்டு நோட்டை எடுத்துக்கொண்டு முனைக்கடைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு பாக்கெட் 15 பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு. அதுகூட என்னைத் தடுக்கவில்லை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் பால் வாங்குவதால் பழக்கம். "வாங்கோ ஐயா, பேத்தி எப்பிடி, சுகமே?" என்றார். என்னால் சிகரெட் என்று சொல்ல முடியவில்லை. ஒரு பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பால் இருந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பால்கோவா கிண்டினாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், மகள் அவசரமாகப் போனில் பேசிக்கொண்டே வந்து குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். குனியவில்லை. முகரவில்லை. நான் எழுந்து அவளிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் லாக் ஷீட்டில் அன்றைய தேதிக்கு எதிரே ஒரு டிக் போட்டு வைத்தேன்.

செப்டம்பரில் பூஜ்யம், வெறும் வாசனைத் திரவம். கடைசி வாரம் அபே பார்க்கில் நடந்துவிட்டு வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு போகவே மறந்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு பெட்டிகளையும் பேட்டரி மறுசுழற்சிக்குப் போடச்சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

இன்றைக்கு 14 மாதம் ஆகிறது. பொய் சொல்லக்கூடாது, நடுவில் ஒருமுறை தவறினேன். ஒரு பழைய நண்பரின் காரியத்துக்குப் போன இடத்தில் யாரோ நீட்ட, வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தேன். பிடிக்கவில்லை. கீழே போட்டேன். அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் வெளிநாட்டிலிருந்து அந்தப் பெட்டியை வரவழைக்க வேண்டாம், சட்டம் சட்டம்தான். பிரிட்டன் சுகாதாரத் துறை, சிகரெட்டைவிட இதில் கெடுதல் வெகு குறைவு என்கிறது. ஆனால் கெடுதலே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. சிகரெட் பிடிக்காதவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள், இதைத் தொடவே கூடாது என்றும் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் நம் நாட்டில் தடையே போட்டார்கள். நம் ஊரில் படிப்படியாக இறங்க வேறு வழி இருக்கிறது. மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது, டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்கலாம். அரசாங்கத்தின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை.

வேப்பமரத்தடி நண்பரே, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி எதுவானாலும் சரி, பெரிதாகப் பார்த்து வாங்காதீர்கள். இறங்கப் படி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பழைய நோட்டும் பேனாவும் எடுத்து வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ரீடிங்கை நான் பார்க்கிறேன்.