படகே வீடானவர்கள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் குடியேறும் நம்மவர்களை முதலில் மலைக்க வைப்பது வீட்டு வாடகை. அதற்குப் பயந்தோ, கடல்மேல் கொண்ட ஆசையாலோ, பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டவர்கள் பெர்க்லியிலும் சாசலிட்டோவிலும் இருக்கிறார்கள். ஒரு படகுத்துறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குடியிருப்புப் படகுகள் கூடாது என்பது வளைகுடாப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

2022 ஜனவரி 15. டோங்காவில் எரிமலை வெடித்துக் கிளம்பிய அலை பசிபிக்கைக் கடந்து வந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் பெர்க்லி துறையில் படகுவாசிகளை எழுப்பிக் கரையேறச் சொன்னார்கள். சிலர் மறுத்துவிட்டார்கள். தெருவில் குடியிருப்பவன் கதவைப் பூட்டிவிட்டு ஓடலாம்; இவர்கள் விட்டுப் போக வேண்டியதோ நாலு கயிற்றில் நிற்கும் வீட்டை. அந்தத் தயக்கத்தைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2024 டிசம்பர் 5 அன்று மெண்டசீனோ முனைக்கு அப்பால் 7.0 அளவில் நிலம் நடுங்கியபோது சுனாமி எச்சரிக்கை மறுபடியும் வந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீடித்து, விலக்கப்பட்டது. அந்த ஒரு மணி நேரம் இங்குள்ள தமிழர்களுக்கு 2004 சுனாமியின் ஞாபகத்தில் கழிந்திருக்கும். அந்தச் சுனாமி வந்த காலையில் ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த நாகை மீனவர்கள் பலருக்கு அலை கடந்துபோனதே தெரியவில்லை. கரை திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

அது இயல்புதான். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், ஆனால் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. ஆழம் குறையக் குறையத்தான் எழும்பும். குறுகிய துறைமுக வாயில் அதை ஆறாகவே மாற்றிவிடும். மிதவைத் துறைகள் தூண்களில் வளையம் போட்டு மாட்டப்பட்டவை. நீரோடு ஏறி இறங்கும். தண்ணீர் தூணின் தலையைத் தாண்டினால் வளையம் கழன்று, துறையும் அதில் கட்டிய வீடுகளும் ஒரே கட்டாக மிதந்து போகும்.

அப்படியானால் ஆழத்துக்கு ஓடிவிடலாமே? கலிபோர்னியாவில் குறைந்தது முப்பது பாகம் ஆழம் வேண்டும் என்கிறார்கள், சுமார் 55 மீட்டர். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானிலிருந்து அலை வந்துசேர ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருந்தது; கிரெசென்ட் சிட்டியில் மீன்பிடிப் படகுகள் பல முன்கூட்டியே வெளியேறித் தப்பின. உள்ளே கட்டிக்கிடந்தவற்றில் பல உடைந்தன, மூழ்கின. ஆனால் நிலநடுக்கத்தைக் காலடியிலேயே உணர்ந்தால் அவ்வளவு நேரம் கிடைக்காது. அப்போது ஆவணப்பையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடப்பதே வழி. வெளியேறும் படகுக்கும் துறை திறக்கும்வரை, நாள் கணக்கில்கூட, எரிபொருளும் குடிநீரும் வேண்டும். வெளியே புயல் வீசினால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ்.

மோசமானது, கயிறு இறுகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பி வருவது. முதல் அலை பெரிய அலை என்று எந்தச் சட்டமும் இல்லை. 1964-இல் கிரெசென்ட் சிட்டியில் சுனாமியின் முதல் அலைகள் அடங்கியதும் சிலர் கடைகளுக்குத் திரும்பினார்கள்; நான்காவது அலைதான் பெரியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 ஜூலையில் கம்சட்கா நிலநடுக்க அலை அங்கே வந்தபோதும், முதலில் தாக்குப்பிடித்த மிதவைத்துறை ஒன்றைப் பின்னால் வந்த அலைதான் தூக்கிச் சேதப்படுத்தியது.