ஆதகூர்க் கல்லின் முன்னே

பெங்களூரில் பல்லாண்டுகளாக வாழ்ந்தும், கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசாங்க அருங்காட்சியகத்தினுள் அடியெடுத்து வைக்காத நம்மவர் பலர். யானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். ரயில்வே அலுவலகத்தில் என்னோடு பணிபுரியும் கன்னட நண்பர் ஒருவரின் வற்புறுத்தலுக்கிணங்கி, ஒரு ஞாயிறு காலையில், ஆறாம் வகுப்பில் பயிலும் என் மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கப்பன் பூங்காவை ஒட்டிச் செந்நிறத்தில் எழுந்து நிற்கிறது அக்கட்டடம். சென்னை அருங்காட்சியகத்தைத் தொடக்கத்தில் நடத்திய மருத்துவர் எட்வர்டு பால்ஃபரே 1865ஆம் ஆண்டில் இதனையும் தோற்றுவித்தார். இப்போதுள்ள கட்டடம் 1877ஆம் ஆண்டினது. ஹளேபீட்டிலிருந்து வந்த ஹொய்சளச் சிற்பங்களின் நகை நுணுக்கத்தைக் கண்டு என் மகள் வியந்து நின்றாள்.

ஆயின், நண்பர் எங்களுக்குக் காட்ட விரும்பியது வேறொன்று. மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொணரப்பட்ட நினைவுக்கல் அது. நாயொன்றும் காட்டுப்பன்றியும் பொருதும் சிற்பம். அதனோடு பழங்கன்னட எழுத்துகள். "ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரும் கங்க மன்னர் இரண்டாம் பூதுகரும் தக்கோலத்தில் பெற்ற வெற்றியை இக்கல் கூறுகிறது" என்று பெருமையோடு தொடங்கியவர், சட்டென நிறுத்திக்கொண்டார். அப்போரில் மாண்டவர் பராந்தக சோழரின் மைந்தர் இராசாதித்தர். யானைமேல் துஞ்சியவரென்று சோழர் சாசனங்கள் குறிக்கும் இளவரசர் அவரே. அதனை நண்பரும் அறிவார், யானும் அறிவேன்.

தக்கோலம், அரக்கோணத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் பாதையிலுள்ள சிறு நிலையம். கால அட்டவணையில் அப்பெயரை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கி.பி. 949இல் அங்கே சிந்திய குருதியை ஒருநாளேனும் நினைத்ததில்லை.

"அப்படியானால் நாம் தோற்றுவிட்டோமா, அப்பா?" என்றாள் மகள்.

இந்நகரிலேயே பிறந்து, பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசி வளரும் பெண் அவள். 'நாம்' என்பதற்கு நான் என்ன பொருள் கற்பிப்பேன்? எனக்கு நா எழவில்லை. நண்பரே அவள் தலையை வருடி, "முதலில் நாயின் கதையைக் கேள், அம்மா" என்றார்.

மணலேரன் என்னும் வீரனின் ஆற்றலை மெச்சி, வேண்டுவது கேள் என்றான் வேந்தன். அவன் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாய் ஒன்றையே. பின்னர் அந்நாய் பெரும் பன்றியொன்றோடு பொருதது; இரண்டும் மடிந்தன. அதன் நினைவாகவே கல் நடப்பட்டு, நிலமும் விடப்பட்டதாம். பேரரசர்களின் வெற்றியைச் சொல்லும் கல், ஒரு நாய்க்காக நின்ற கல்!

கேட்டு முடித்ததும் எனக்கும் சொல் பிறந்தது. "தோற்றது உண்மைதான், அம்மா. ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளில் சோழர் இந்நாட்டுத் தலைக்காட்டை வென்றனர். நூறாண்டு கழிந்தபின் விஷ்ணுவர்த்தனர் அதனை மீட்டார். மன்னர்கள் மாறினர், மக்கள் இங்கேயே வாழ்ந்தனர். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் இன்றும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. உன்னைப்போல் இரு மொழியும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அன்றும் இருந்திருப்பர்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அவள் பேசியது காளியைப் பற்றியே. தமிழில் என்னிடமும், கன்னடத்தில் நண்பரிடமும் பேசிக்கொண்டே வந்தாள்.

அன்பர்களே, பார்வை நாளை விசாரித்தறிந்து உங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். நம் முன்னோர் வென்ற கதைகளோடு தோற்ற கதையையும் மறையாது கூறுங்கள். அவ்வேளையில் அருகே ஒரு கன்னட நண்பரும் இருப்பாராயின் மிகவும் நன்று.