வில்லின் நினைவு

என் தந்தையார் ஜாம்ஷெட்பூரில் இரும்பாலைப் பணியில் இருந்தார். என் பள்ளிப் பருவம் அந்நகரிலேயே கழிந்தது. நகரத்தின் எல்லையைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் சந்தால் மக்களின் சிற்றூர்கள் தொடங்கும். வண்ண மண் பூசிய சுவர்களைக் கொண்ட அத்தகைய ஊர் ஒன்றில் முதியவர் ஒருவரிடம் நான் வில் பயின்றேன். ஊரார் அவரைப் 'பாபா' என்றழைத்தனர். நானும் அவ்வாறே அழைத்தேன்.

பாபாவின் வில் முழுவதும் மூங்கில். அதன் நாணும் மூங்கிலே. மேற்பட்டையை மெல்லிய கீற்றாகச் சீவி, இரு முனைகளிலும் கயிற்றுக் கண்ணி கட்டியிருப்பார். வில்லின் பிடிக்கு மேலும் கீழும் நீண்டு வளையும் பகுதிகளை நான் வில்லின் கைகள் என்றே சொல்வேன். அக்கைகளைச் சீவும்போது பாபா உட்புறத்தை மட்டுமே செதுக்குவார். மூங்கிலின் தோற்புறத்தில் கத்தி படவிடமாட்டார். காரணம் கேட்டால் சிரிப்பார்.

அக்காரணம் பின்னாளில் இயற்பியல் வகுப்பில் எனக்குப் புலப்பட்டது. வில் வளையும்போது இலக்கை நோக்கிய புறம் நீள்கிறது. வில்லாளனை நோக்கிய புறம் சுருங்குகிறது. முன்னதில் இழுவிசையும் பின்னதில் அமுக்கவிசையும் செயல்படுகின்றன. மூங்கிலின் வலிய நார்கள் தோலை ஒட்டியே அடர்ந்திருக்கின்றன. அவற்றை அறுக்காமல் நீளும் புறத்தில் வைத்தால்தான் வில் முறியாது. நூலைப் படித்து நான் அறிந்ததை அவர் மூங்கிலைச் சீவியே அறிந்திருந்தார்.

அவ்வில் இழுப்பதற்கு எளிதன்று. தொடக்கத்தில் இணங்கி வரும்; மார்பை நெருங்கும்போது ஒவ்வோர் அங்குலமும் முன்னதைவிடக் கடினமாகும். அம்பு விடுபட்டதும் பிடித்த கையில் ஓர் அதிர்வு பாய்ந்து முழங்கை வரை ஏறும். "பாபா, உங்கள் வில் என்னை அடிக்கிறது" என்று ஒருநாள் முறையிட்டேன். அவர் என் அம்பை வாங்கி விரலில் நிறுத்தி எடை பார்த்தார். "பாபு, இது மிகவும் இலேசான அம்பு. வில் கொடுப்பதை எல்லாம் இதனால் சுமக்க முடியாது. மிச்சத்தை உன் கைதான் வாங்க வேண்டும்" என்றார். மறுநாள் கனமான அம்பு ஒன்றைத் தந்தார். அதிர்வு பாதியாகக் குறைந்தது போல் இருந்தது.

ஒரு மழைக்கால மாலையில் அவ்வில்லை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேட்டேன். "இரவில் நாணை இறக்கிவிடு" என்று மட்டும் சொல்லித் தந்தார். இருட்டும் வரை எய்துவிட்டு, களைப்பில் நாணேற்றிய நிலையிலேயே அதனைச் சுவரில் சாய்த்துவிட்டு உறங்கிப்போனேன். விடிந்ததும் நாணைக் கழற்றினேன். நிமிர்ந்து நிற்க வேண்டிய கைகள் நிமிரவில்லை. சுருங்கிய புறத்து நார்கள் ஈரத்திலும் இடைவிடாத அமுக்கத்திலும் நசுங்கி, வளைவைத் தம் வடிவமாகவே ஏற்றுக்கொண்டிருந்தன. அதன்பின் அவ்வில் எய்த அம்பு பழைய தொலைவைத் தொடவில்லை.

பாபா என்னைக் கடியவில்லை. வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்பின் மேலிருந்த பரணில் செருகிவைத்தார். புகையில் உலர்ந்தால் தேறிவிடும் என்று நம்பினேன். அது தேறவில்லை. அடுத்த முறை சென்றபோது, முற்றத்தில் புதிய மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார். அருகில் அமர்ந்து சீவல்களைப் பொறுக்கியதைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய இயலவில்லை.

கல்லூரிக் காலத்தில் பயிற்சிக் களம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே முதலில் கிடைத்தது, மரத்தகட்டின் இருபுறமும் கண்ணாடி இழை ஒட்டிய வில். அது மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல், இன்று இழுத்தது போலவே நாளையும் இழுபட்டது. பின்னர்க் கார்பன் இழையால் ஆன கைகளைப் பெற்றேன். கார்பன் எடை குறைந்தது, விறைப்பு மிகுந்தது. வில்லின் கைகள் அம்பை மட்டுமன்றித் தம்மையும் முன்னோக்கிச் செலுத்த வேண்டியுள்ளது. கைகளின் எடை குறையும்போது அவற்றுக்குச் செலவாகும் ஆற்றலும் குறைகிறது, அம்பு விரைகிறது, பிடித்த கையில் அதிர்வும் அடங்குகிறது.

மற்றொரு முறை, பழைய முறைப்படி செய்த கொம்பு வில் ஒன்றை இழுத்துப் பார்க்கும் வாய்ப்பு வாய்த்தது. மெல்லிய மரத்தின் உட்புறத்தில் எருமைக் கொம்பும் வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாரும் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. கொம்பு அமுக்கத்தைத் தாங்கும். தசைநார் இழுப்பைத் தாங்கும். அவ்வில் முதலில் முரண்டு பிடித்து, முடிவில் மென்மையாக இணங்கியது, மூங்கிலுக்கு நேர்மாறு. எனினும் ஈரக்காற்று அதன் பசையைத் தளர்த்திவிடும். இந்திய நாட்டில் முற்றிலும் எஃகாலான விற்களும் செய்யப்பட்டன. அவை ஈரத்துக்கு அஞ்சுவதில்லை. ஆனால் கைகள் கனத்தவை, ஆதலின் வேகம் குறைந்தவை. ஒரு பொருள் ஒன்றைத் தந்தால் மற்றொன்றைக் கேட்கிறது.

தமிழில் 'சிலை' என்னும் சொல் வில்லையும் குறிக்கும். ஒருவகை மரத்தையும் குறிக்கும். அச்சொல்லை அகராதியில் கண்டபோது பாபாவின் முற்றம் என் நினைவுக்கு வந்தது. வில்லை அதன் மரத்திலிருந்து பிரித்துப் பார்க்காத கண் அவருடையது.

2010ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற தீபிகா குமாரி, அதே சார்க்கண்டு மண்ணில் மூங்கில் வில்லால் பயிலத் தொடங்கியவர். புதிய வில்லைப் பிடித்தாலும் பழைய வில் கற்பித்தது கையை விட்டு நீங்குவதில்லை என்பதை என் சிறிய அளவில் நானும் உணர்ந்திருக்கிறேன். மூங்கில் என் ஒவ்வொரு பிழையையும் அதிர்வாகத் திருப்பித் தந்தது. கார்பன் அவற்றுள் பலவற்றைப் பொறுத்துக்கொள்கிறது. பொறுக்காத வில்லிடம் முதலில் பயின்றது என் நற்பேறு.

இப்போது என்னிடம் இருப்பது கண்ணாடி இழை போர்த்த மர வில். ஓரிரவு நாணேற்றிய நிலையில் இருந்தாலும் அதற்குக் கேடில்லை என்பதை அறிவேன். ஆயினும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், நாணை இறக்காமல் நான் உறங்கச் செல்வதில்லை.