கண்ணீரும் வறட்சியும்

நீர் வடிக்கும் கண்ணை வறண்ட கண் என்று ஒருவர் கூறினால் யார்தான் நம்புவர்? நாமும் நம்பவில்லை. அந்த அறியாமையால் எமது தாயார் ஈராண்டுக் காலம் வருந்தினார்.

தந்தையார் மறைந்த ஆண்டிலேதான் அது தொடங்கியது. மாலையில் பத்திரிகையை விரித்தாராயின் அவர் கண்கள் சிவந்து நீர் சொரியும். "அழாதேங்கோ அம்மா" என்று தேற்றுவோம். "நான் அழேல்லை மோனை, கண்ணுக்குள்ளை மண் விழுந்தமாதிரிக் கிடக்கு" என்பார். துயரை மறைக்கிறார் என்றே எண்ணினோம். நாளடைவில் அவர் வாசிப்பதையே விட்டுவிட்டார்.

ஈற்றில் கண் வைத்திய நிபுணரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கீழிமையின் ஓரத்தில் வடிதாள் கீற்றொன்றை மாட்டி 5 நிமிடம் வைத்தார். ஜேர்மனிய வைத்தியர் ஒட்டோ ஷிர்மர் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை அது. தாள் நன்றாகவே நனைந்தது. "வறட்சி இல்லையே!" என்றோம். வைத்தியர் புன்னகைத்து, புளோரசீன் என்னும் சாயத்தைக் கண்ணில் இட்டு, இமையாதிருக்கச் சொல்லி, நீல ஒளியில் நோக்கினார். 4 விநாடிக்குள் கண்ணீர்ப் படலம் ஆங்காங்கே பிளந்தது. 10 விநாடியாவது அது குலையாது நிற்றல் வேண்டுமாம்.

கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படையொன்று உண்டு. இமையோரங்களிலுள்ள மைபோமியன் சுரப்பிகள் அதனைச் சுரக்கின்றன. அவை அடைபட்டால் நீர் விரைவில் ஆவியாகும். உறுத்தலைத் தாங்காத கண் மேலும் நீரைப் பொழியும். பொழிந்தது நில்லாது வழிந்தோடும். முன்னர் கண்ணீரின் அளவையே பெரிதாகக் கொண்டனர். இன்றோ அதன் தன்மையையும் ஆராய்கின்றனர்.

வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமைகளின்மேல் 10 நிமிடம் வைத்து, பின் இமைகளை மெல்ல நீவிவிடுதல், செயற்கைக் கண்ணீர்த் துளிகள் ஆகிய இரண்டுமே அம்மாவுக்குப் போதுமாயின. அழற்சி மிகுந்தோருக்கு, 2002ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சைக்குளோஸ்போரின் துளிகளும், கண்ணீர் குறைந்தோருக்கு அது வடியும் துவாரத்தை மூடும் நுண்ணிய அடைப்பான்களும் உள. எவருக்கு எது ஏற்றது என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். புத்தகத்தையோ கைத்தொலைபேசியையோ உற்று நோக்குங்கால் நாம் இமைப்பது குறைகின்றது. இடையிடையே இமைகளை முழுதும் மூடித் திறத்தல் நன்று.

சில மாதங்களின் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம்வரை வாசித்து முடித்தார். நாமோ தலை குனிந்தோம். நோயறியும் முறைகள் எத்தனை பெருகினும், நோயுற்றவர் கூறுவதைச் செவிமடுத்தலே முதற் சோதனை. அச்சோதனையைச் செய்ய நாம் ஈராண்டுகள் தவறிவிட்டோம்.